தடை செய்த பாட்டும் அறுபத்தொன்றாம் எண் சட்டையும்

நெகேவ் பாலைவனத்தின் வட ஓரத்தில் இருந்த அந்தக் கூட்டுப்பண்ணையில் ஹெம்தாவுக்கு இரண்டு வேலைகள். ஞாயிறு காலை முதல் வெள்ளி மதியம் வரை சலவைக்கூடம். வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் உணவுக்கூடத்தில் அக்கார்டியன் வாசிப்பது. முதல் வேலைக்காக யாரும் அவளைப் பாராட்டியதில்லை. இரண்டாவது வேலையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாதவர்களே கிடையாது.

அக்கார்டியன் அவளுடையது அல்ல. அங்கே எதுவுமே யாருடையதும் அல்ல. ஆரம்ப நாட்களில் உள்ளாடைகூடப் பொதுவாகத்தான் இருந்தது. நெட்டையனின் கால்சட்டை குட்டையனுக்கும் குட்டையனின் சட்டை தடியனுக்கும் போய், சண்டை முற்றி, கூட்டம் போட்டு, கைதூக்கி ஓட்டெடுத்து, கடைசியில் ஆளுக்கொரு எண் கொடுத்தார்கள். அந்த எண்ணைச் சிவப்பு நூலில் சின்னத் துணித் துண்டில் தைத்து, எல்லாத் துணியிலும் கழுத்துப்பட்டைக்கோ இடுப்புப்பட்டைக்கோ உள்ளே வைத்துத் தைத்துவிடுவது சலவைக்கூடத்தின் பொறுப்பு. ஹெம்தாவுக்கு முகங்களைவிட எண்கள்தான் முதலில் ஞாபகம் வரும். பதினேழு வியர்வைக்காரர். முப்பத்திரண்டு பைக்குள் ரொட்டித்துண்டை மறந்துவிடுபவர். அறுபத்தொன்று அவளுடைய தம்பி அமிதாய்.

அவனைப் பெற்ற கையோடு அம்மா போய்விட்டாள். அப்போது ஹெம்தாவுக்குப் பதினொரு வயது. அப்பாவும் நாலைந்து வருடத்தில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். பண்ணைக் குழந்தைகள் எல்லோரும் குழந்தைகள் வீட்டில்தான் தூங்கினார்கள், அவனும் அங்கேதான் வளர்ந்தான். ஆனால் அவன் போட்ட முதல் சட்டையிலிருந்து ராணுவத்துக்குப் போய்த் திரும்பிய பிறகு போட்ட சட்டை வரைக்கும் எண் தைத்தது அவள் கைதான். கல்யாணம் செய்துகொண்டாள், ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டாள். தம்பி இருந்தான், அக்கார்டியன் இருந்தது. அது போதும் என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டின் கோடையில் வானொலியில் வந்தது. தண்ணீர்க் குடுவையை நிரப்பிக் கொடுத்துவிட்டு, எல்லைக்கு அப்பால் போனவனுக்காக வாசலில் நிற்கிற ஒரு பெண் பாடுவதுபோல அமைந்த பாட்டு. போனவன் எங்கே போனான் என்று பாட்டில் இல்லை. 'சிவந்த கல்' என்று ஒரு வார்த்தை வரும், அவ்வளவுதான். அது பெத்ரா என்று பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஜோர்டானுக்குள், ஒரு ராத்திரி முழுக்க நடக்கிற தூரத்தில், மலையைக் குடைந்து செய்த பழைய நகரம். மூன்றே வாரத்தில் நாடு முழுக்க அதையே முணுமுணுத்தது.

போனவர்கள் நிஜமாகவே இருந்தார்கள். அந்த ஐந்தாறு வருடங்களில் இளைஞர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, இருட்டில் எல்லை தாண்டி, அந்த நகரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பப் புறப்பட்டார்கள். ஒரு சிலர் திரும்பினார்கள். பலர் திரும்பவில்லை. அந்தப் பக்கத்து ரோந்துக்காரனைக் குறை சொல்லிப் பயனில்லை. இருட்டில் எல்லை தாண்டி வருகிறவன் மலையை வேடிக்கை பார்க்க வருகிறானா, குண்டு வைக்க வருகிறானா என்று அவன் நிறுத்தி விசாரித்துக்கொண்டா இருப்பான்?

ஏன் போனார்கள் என்று பெரியவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் கண்ணாடியைப் பார்த்திருந்தால் போதும். சதுப்பு நிலத்தை வற்றவைத்தோம், திருட்டுக் கப்பலில் வந்து இறங்கினோம், நாலு துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஊரைக் காப்பாற்றினோம் என்று தினமும் சாப்பாட்டு மேசையில் அளந்துகொண்டிருந்தது அவர்கள்தான். பிள்ளைகளுக்கு என்று மிச்சம் வைத்திருந்தது மாட்டுக்கொட்டகை. எந்தத் திசையில் நடந்தாலும் ஒரு நாளுக்குள் எல்லை வந்து நின்றது.

இஸ்திரி மேசையில் ஹெம்தாவுக்கு எதிரே நிற்கிற பெஸ்யாவின் மகன் நிம்ரோத் அப்படித்தான் போனான். எண் நாற்பத்துநான்கு. பாட்டு வருவதற்கு ஒரு வருடம் முன்னால். பெஸ்யாவுக்கு அப்போது ஐம்பது வயது. மகன் செத்துப்போனதை உணவுக்கூடத்து வானொலியில், ஜோர்டான் தலைநகரான அம்மானின் நிலையத்துச் செய்தி வழியாகத்தான் அவள் தெரிந்துகொண்டாள். மறுவாரமே இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டாள். நாற்பத்துநான்கு என்ற எண்ணை மட்டும் அதற்குப் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை.

பாட்டைக் கேட்டுப் பையன்கள் கிளம்புகிறார்கள் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். கொஞ்ச நாளில் வானொலியில் அதை ஒலிபரப்புவதில்லை என்று முடிவாயிற்று. பண்ணையின் கலாச்சாரக் குழுத் தலைவர் கெர்ஷோன் அந்தச் செய்தியைக் கத்தரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டி, கீழே தன் கையெழுத்தில், 'நம் பெஸ்யாவின் மனதை மதித்து, இங்கேயும் அவ்வாறே' என்று எழுதினார். பலகையில் எதையாவது ஒட்டாவிட்டால் கெர்ஷோனுக்குச் சாப்பாடு இறங்காது.

தடை செய்த பிறகுதான் பாட்டுக்கு மவுசு கூடியது. குளியலறையில் சோப்பு நுரைக்கு நடுவே பாடினார்கள். டிராக்டர் சத்தத்துக்கு மேலே பாடினார்கள். அமிதாய் பால் கறக்கும்போது மாடுகளுக்குப் பாடிக் காட்டினான்.

ஹெம்தாவும் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில், ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் நடுவில், வார்த்தை இல்லாமல் அந்த மெட்டை மட்டும் மெதுவாக வாசித்துவிடுவாள். பின்வரிசையில் தூங்கி வழிகிற பையன்கள் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த நிமிர்வைப் பார்க்க அவளுக்கு ஆசை. வாரம் முழுக்க அழுக்குத் துணியோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வேறென்ன கிடைக்கிறது?

"ஹெம்தா! இது என்ன வேலை?" என்றார் கெர்ஷோன்.

"என்ன வேலை? நான் வாயே திறக்கலையே, கெர்ஷோன்."

"மெட்டு அதுதானே?"

"மெட்டுக்கு நீங்க நோட்டீஸ் ஒட்டலையே. போய் ஒட்டுங்க, பசை இருக்கா?"

கூடமே சிரித்தது. தலையைக் குனிந்து மேசைமேல் சிந்திய ரொட்டித்தூளைக் கையால் கூட்டிக்கொண்டிருந்த பெஸ்யா சிரித்தாளா என்று யாரும் கவனிக்கவில்லை.

மறு வருடம் வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் வாசித்து முடித்ததும் அமிதாய் பக்கத்தில் வந்து குந்தினான்.

"இன்னொரு தடவை வாசி, ஹெம்தா."

"கெர்ஷோன் என்னைத் தின்னுடுவாரு."

"வாசியேன். எனக்காக."

வாசித்தாள். மறுநாள் காலையில் அவனும் கொட்டகைக் கூட்டாளி யோவாஷும் முதுகுப்பையோடு கிளம்பினார்கள். பெர்ஷேபாவில் யோவாஷின் அத்தை வீட்டுக்கு என்றார்கள். அத்தை நல்ல கேக் செய்வாள் என்று வேறு சொன்னார்கள்.

ஞாயிறு காலை. துணியை இயந்திரத்தில் போடும் முன் பைகளைத் துழாவுவது சலவைக்கூடத்து வழக்கம். ஆணி, பேனா, காதல் கடிதம் என்று எது வேண்டுமானாலும் வரும். அன்று துழாவும் முறை பெஸ்யாவுடையது. அறுபத்தொன்றாம் எண் வேலைக் கால்சட்டைப் பைக்குள் விட்ட கையை அவள் வெளியே எடுக்கவில்லை. அப்படியே நின்றாள்.

"என்ன பெஸ்யா, தேள் கீள் கொட்டிடுச்சா?"

பெஸ்யா கையை எடுத்து விரித்தாள். மூன்று சின்னத் துணித் துண்டுகள். மூன்றிலும் சிவப்பு நூலில் அறுபத்தொன்று. பிளேடால் நறுவிசாக வெட்டி எடுத்திருந்தான்.

"உட்காரு, ஹெம்தா."

"எதுக்கு வெட்டினான்? கழுத்துல உறுத்துதுன்னா சொல்லியிருக்கலாமே, நான் வேற..."

"உட்காருன்னு சொல்றேன். நிம்ரோதும் இப்படித்தான் வெட்டி வெச்சிட்டுப் போனான். பிடிபட்டா எந்த ஊரு, எந்தப் பண்ணைன்னு தெரியக்கூடாதாம். அவங்களுக்குள்ள அப்படி ஒரு கணக்கு."

ஹெம்தா ஓடிப்போய்த் தம்பியின் அலமாரித் தட்டைப் பார்த்தாள். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும் இல்லை. சித்திரை வெயிலில் பெர்ஷேபாவில் கேக் சாப்பிட யாருக்குக் கம்பளிக் காலுறை வேண்டும்?

கெர்ஷோன் போனைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார். யோவாஷின் அத்தைக்கு அவர்களைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. கேக்கும் செய்யத் தெரியாதாம். மதியம் ஜீப்பில் ஒரு ராணுவ அதிகாரி வந்தார். தெற்கே சனிக்கிழமை ராத்திரி பெரிய மணற்புயல், தடயம் ஒன்றும் மிஞ்சியிருக்காது, தந்திக் கம்பங்கள்கூடச் சாய்ந்து கிடக்கின்றன என்றார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பக்கத்து ரேடியோவைக் கேட்டுக்கிட்டே இருங்க. ஏதாச்சும்னா அவங்கதான் முதல்ல சொல்வாங்க" என்றார்.

பாட்டை நிறுத்திய அதே வானொலிப் பெட்டிக்கு முன்னால் ஹெம்தா உட்கார்ந்தாள். மணிக்கு ஒரு முறை அம்மான் செய்தி. அரபு தெரிந்த கோழிப்பண்ணைக்காரர் பக்கத்தில் நின்று கேட்டு, இல்லை என்று தலையாட்டுவார். அவர் தலையாட்டிய ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மட்டும் உயிர் வந்தது.

திங்கட்கிழமை காலையில் அவளால் சும்மா உட்கார முடியவில்லை. சலவைக்கூடத்துக்கு வந்து போர்வைகளைப் பிழிந்தாள். பிழிந்துகொண்டே சொன்னாள்.

"நான்தான் அனுப்பினேன், பெஸ்யா. வெள்ளிக்கிழமை கேட்டான். ரெண்டாவது தடவை வாசிச்சேன். கெர்ஷோன் சொன்னப்போ கிண்டல் பண்ணேன். என் திமிரு."

பெஸ்யா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பாட்டுக்குக் கால் கிடையாது, ஹெம்தா. என் பையன் போனப்போ அந்தப் பாட்டே கிடையாது. அப்போ எதைத் தடை பண்ணியிருக்கணும்? இருபது வயசு. தாண்டாதேன்னு ஒரு கோடு போட்டு வெச்சிருந்தாங்க. தாண்டினான். உன்மேல எனக்குக் கோவம் இல்ல. போர்வையைக் கிழிச்சிடாத, அது பண்ணையோடது."

ஹெம்தா அழுதாள். முந்தின நாளிலிருந்து அழாமல் இருந்ததற்கும் சேர்த்து அழுதாள். பெஸ்யா போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பொதுக்கூட்டம். தங்களால் ஒன்றும் செய்ய முடியாத நேரத்தில் பண்ணை ஆட்கள் ஓட்டெடுப்பு நடத்துவார்கள், அது ரத்தத்தில் ஊறினது. அக்கார்டியனைக் கிடங்கில் வைத்துப் பூட்டுவது, அந்த மெட்டைப் பண்ணை எல்லைக்குள் யாரும் எந்த விதத்திலும் எழுப்பக் கூடாது என்று தீர்மானம். ஒருவர் எழுந்து, 'எந்த விதத்திலும்' என்பதில் விசிலும் அடங்குமா என்று கேட்டார். அடங்கும் என்றார் கெர்ஷோன். விசிலைச் சேர்த்து எழுதினார்கள்.

"ஆதரிக்கிறவங்க?"

காடு மாதிரிக் கைகள். ஹெம்தாவும் தூக்கினாள்.

"எதிர்க்கிறவங்க?" கேட்டுவிட்டுக் கெர்ஷோன் பேனாவை மூடப் போனார்.

பின்வரிசையில் ஒரு கை. கெர்ஷோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பெஸ்யா... உங்களுக்காகத்தானே நாங்க இதெல்லாம்..."

"எனக்காகன்னு யாரும் என்கிட்ட கேட்கவே இல்லையே, தோழரே."

தூக்கிய கையை இறக்காமலே பெஸ்யா எழுந்து நின்றாள்.

"ரெண்டு வருஷமா என் முன்னாடி யாரும் நிம்ரோத் பேரைச் சொல்றதில்ல. நான் வந்தா பேச்சை மாத்துறீங்க. அந்த மெட்டை ஹெம்தா வாசிக்கிறப்போ மட்டும்தான் எல்லாரும் அவனை நினைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். அதையும் பூட்டிட்டா எனக்கு என்ன மிச்சம்?"

ஆனாலும் எண்பத்தொன்றுக்கு ஒன்று என்று குறிப்பேட்டில் ஏறியது. அக்கார்டியன் கிடங்குக்குப் போனது.

செவ்வாய் மதியம் சாப்பாட்டு நேரம். தெற்கிலிருந்து வந்த தக்காளி லாரி ஒன்று உணவுக்கூடத்து வாசலில் நின்றது. பெட்டிகளுக்கு மேலே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உதடு வெடித்து, முகத்தில் தோல் உரிந்து, மாவில் புரட்டி எடுத்ததுபோல மண். அதில் ஒன்று இறங்கி நொண்டி நொண்டி வந்தது.

ஹெம்தா கையிலிருந்த சூப்புக் கிண்ணத்தைப் பத்திரமாக மேசைமேல் வைத்தாள். போய் அவன் கன்னத்தில் பளாரென்று ஒன்று கொடுத்தாள். பிறகு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

"எங்கடா போன? சொல்லுடா! எங்க போன?"

"எங்கயும் போகலை" என்றான் அமிதாய்.

"பொய் சொன்னா இன்னொண்ணு வாங்குவ."

"நிஜமா எங்கயும் போகலை, ஹெம்தா! அதான் அசிங்கம்."

யோவாஷுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவன்தான் கதையைச் சொன்னான். சனிக்கிழமை இருட்டினதும் கிழக்கே நடக்க ஆரம்பித்தார்களாம். நடுவழியில் புயல். நட்சத்திரம் இல்லை, திசை இல்லை, ஒருவன் பெல்ட்டை ஒருவன் பிடித்துக்கொண்டு விடிய விடிய நடந்திருக்கிறார்கள். விடிந்தபோது புழுதி மூட்டத்துக்குள் எதிரே ஆகாயம் முட்டுகிற செக்கச்செவேலென்ற பாறை.

"வந்துட்டோம்னு நெனச்சோம். இவன் பாறைக்கு முத்தம் குடுத்தான். அடுப்பு மூட்டிக் காபி வெச்சோம். தோள்மேல கை போட்டுக்கிட்டு அந்தப் பாட்டை ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் கத்திப் பாடினோம்."

"அப்புறம்?"

"பாறைக்குப் பின்னாடிலேர்ந்து ஒரு ஆள் கம்பியோட ஓடி வந்தான். மாட்டிக்கிட்டோம்டான்னு ரெண்டு பேரும் கையைத் தூக்கிட்டோம். முட்டி போட்டுச் சரணடைஞ்சிட்டோம். அவன் யிட்டிஷ்ல திட்ட ஆரம்பிச்சான்."

"யிட்டிஷ்லயா? நம்ம யூதக் கிழவிங்க பாஷையிலயா?"

"எங்கம்மாவுக்குக்கூட அவ்வளவு கெட்ட வார்த்தை தெரியாது. தாமிரச் சுரங்கத்து மேஸ்திரி. நம்ம சுரங்கம். எல்லைக்கு இந்தப் பக்கம். வெடி வைக்க நாள் குறிச்ச பாறையாம் அது, அடியில மருந்து இருக்காம், அங்க போய் அடுப்பு மூட்டியிருக்கோம்!"

ஒரு ராத்திரி முழுக்க வட்டமடித்து, தங்கள் நாட்டுப் பாறைக்கே முத்தம் கொடுத்து, தங்கள் ஆளிடமே சரணடைந்திருக்கிறார்கள். மேஸ்திரி அவர்களைப் போலீசில் ஒப்படைத்தார். தந்திக் கம்பி அறுந்து கிடந்ததால் போலீஸ்காரர்களாலும் தகவல் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் வெங்காயம் உரிக்கவைத்து, முதலில் வந்த லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

முதலில் சிரித்தது கோழிப்பண்ணைக்காரர். பிறகு கூடமே சிரித்தது. மேசையைத் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கெர்ஷோன்கூட முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு குலுங்கினார். ஹெம்தா பெஞ்சில் உட்கார்ந்து, தம்பியின் சட்டையைப் பிடித்தபடியே சிரித்தாள், அழுதாள், ஆண்டவனுக்கு நன்றி சொன்னாள். அந்தப் பண்ணையில் ஆண்டவனுக்கு யாரும் நன்றி சொல்கிற வழக்கமில்லை. அன்று யாரும் ஆட்சேபிக்கவில்லை.

பெஸ்யா எழுந்து வருவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அமிதாய் தலையைத் தொங்கப்போட்டான்.

"பெஸ்யா, நான்..."

"சட்டையைக் கழட்டு."

"என்னது?"

"சட்டையைக் கழட்டுடா. இந்த நாத்தத்தோட சாப்பாட்டு மேசையில உட்காரப்போறியா?"

அன்று சாயங்காலமே அந்தச் சட்டையும் முதுகுப்பையில் இருந்த மற்ற இரண்டும் துவைத்து உலர்ந்துவிட்டன. மூன்று சட்டைகளுக்கும் ஹெம்தா எண் தைக்க உட்கார்ந்தாள். இரண்டைத் தைப்பதற்குள் நாலு முறை குத்திக்கொண்டாள். மூன்றாவதைப் பெஸ்யா வாங்கிக்கொண்டாள். அறுபத்தொன்றை நெருக்கமான தையலாக, இரட்டை நூலில், யாரும் பிளேடு வைத்தாலும் வராதபடி தைத்துவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

கூட்டத்தில் எடுத்த முடிவைக் கூட்டத்தில்தான் மாற்ற முடியும் என்றார் கெர்ஷோன். மாற்றினார்கள். மாட்டுக்கொட்டகைக்காரர்கள் இருவருக்கும் இரண்டு மாதம் பாத்திரம் கழுவும் தண்டனையும் அதே கூட்டத்தில் நிறைவேறியது. வெள்ளிக்கிழமை அக்கார்டியன் கிடங்கிலிருந்து வந்தது. ஹெம்தா அந்தப் பாட்டை வாசிக்க, எல்லோரும் வார்த்தையோடு பாடினார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடியது பெஸ்யாதான், சுருதி எங்கேயும் சேரவில்லை. பாட்டு முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர் நிம்ரோத் சின்ன வயதில் கழுதையிலிருந்து விழுந்த கதையை எடுத்தார். பெஸ்யா அதைத் திருத்தித் திருத்திச் சொன்னாள்.

வானொலியில் தடை எப்போது தளர்ந்தது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. பாத்திரம் கழுவிய அமிதாய் தண்ணீர்க்குழாய்ப் பொறியாளரானான், வழுக்கையானான், தாத்தாவானான். முப்பத்தாறு வருடம் கழித்து, இரு நாட்டுக்கும் இடையே சமாதான உடன்படிக்கை கையெழுத்தான மறு வருடம், பண்ணையிலிருந்து ஒரு பஸ் பெத்ராவுக்குப் போனது. கடவுச்சீட்டு, முத்திரை, ஜோர்டான்காரர் ஒருவர் சின்னக் கண்ணாடி டம்ளரில் கொடுத்த இனிப்புத் தேநீர். ஹெம்தாவும் தம்பியும் அந்தச் சிவந்த கல்லுக்கு முன்னால் நின்றார்கள். அமிதாய் தொட்டுப் பார்த்தான், முத்தம் கொடுக்கவில்லை.

"சுரங்கத்துப் பாறைதான் இன்னும் சிவப்பா இருந்துச்சு" என்றான்.

திரும்பும் வழியில் பஸ் வானொலியில் அந்தப் பாட்டு வந்தது. யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள், யாரோ குறட்டை விட்டார்கள். பாதிப் பேர் கவனிக்கக்கூட இல்லை.

பஸ் பண்ணைக்குள் நுழைந்தபோது சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருந்தது. வாசல் மரத்தடியில் ஒரு நாற்காலி, அதில் பெஸ்யா. எண்பத்தெட்டு வயது. மதியத்திலிருந்து எழுந்து வர மறுத்துவிட்டாளாம். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நகரம் எப்படி இருந்தது என்று அவள் கேட்கவில்லை.

"எல்லாரும் வந்தாச்சா, ஹெம்தா?"

"வந்தாச்சு, பெஸ்யா. முப்பத்தெட்டு பேரும்."

"போயிட்டுத் திரும்பி வர்ற இடமா ஆயிடுச்சா அது?"

"ஆயிடுச்சு."

பெஸ்யா அமிதாயைக் கிட்டே கூப்பிட்டாள். அவன் குனிந்ததும், சட்டையின் கழுத்துப்பட்டையைத் திருப்பி உள்ளே விரலால் தடவிப் பார்த்தாள். எண் இருந்தது.

"சரி, என்னைத் தூக்கி விடு. பசிக்குது" என்றாள்.